இரண்டு ரூட்டர், ஒரு சீரியல் இணைப்பு
பழைய சிஸ்கோ ரூட்டர்கள் இரண்டை சீரியல் கேபிளால் நேரடியாக இணைத்துப் பழகும் தம்பிகளுக்கு: கேபிளின் இரு முனைகளும் ஒன்றல்ல. ஒன்று டிடிஇ (தாளத்தைக் கேட்டு நடக்கும் முனை), மற்றது டிசிஇ (தாளம் போடும் முனை). வழக்கமாக நடுவிலிருக்கும் மோடம்தான் தகவல் எந்த வேகத்தில் போக வேண்டும் என்று தாளம் (கிளாக்) போடும். இங்கே அது இல்லாததால், டிசிஇ முனை செருகிய ரூட்டரே அந்த வேலையைப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் மட்டும் ‘கிளாக் ரேட் 64000’ (நொடிக்கு 64,000 பிட்) என்று கொடுங்கள். எந்தப் பக்கம் என்பதற்குக் கேபிளில் ஒட்டிய சீட்டை நம்பாதீர்கள் (பாதி உரிந்துதான் இருக்கும்). ‘ஷோ கண்ட்ரோலர்ஸ்’ கட்டளை சொல்லிவிடும்.

60 ஊசி கொண்ட அந்தக் கனத்த முனையைத் தயவுசெய்து தலைகீழாக வைத்து அழுத்தாதீர்கள். பாவி, சில நேரம் உள்ளே போயும் தொலைக்கும், ஊசிகள் மடங்கிவிடும்.

எதிரில் வேறு நிறுவன ரூட்டர் என்றால், இரு பக்கமும் பிபிபி என்ற பொதுவான இணைப்பு நெறிமுறைக்கு மாற்றிவிடுங்கள். சிஸ்கோ ரூட்டர் தானாக எடுத்துக்கொள்ளும் எச்டிஎல்சி நெறிமுறை அவர்களுக்கே உரிய தனி ரகம்.