டிஎன் 38 சிகே என்றால் கிச்சன்

கோவை சிங்காநல்லூர் சிக்னலில் மாட்டிக்கொண்டால் வண்டியை அணைத்துவிட்டு, முன்னால் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிப்பது எனக்கும் மகளுக்கும் வழக்கம். எண்களை விட்டுவிடுவோம். எழுத்துகள் மட்டும்தான். அவை அத்தனையும் வருகிற ஓர் ஆங்கிலச் சொல்லைப் பச்சை விழுவதற்குள் சொல்ல வேண்டும். எந்த வரிசையில் வந்தாலும் சரி, இடையில் வேறு எழுத்துகள் எத்தனை சேர்ந்தாலும் சரி. இரண்டு பேருமே சொல்லிவிட்டால் குட்டிச் சொல் ஜெயிக்கும்.

டிஎன் 38 சிகே வந்தது. பின்சீட்டிலிருந்து "கிச்சன்!" என்று கத்தினாள். நான் சொன்னது "திக்கன்", அதாவது கெட்டியாக்குவது. இரண்டும் ஏழெழுத்து. எண்ணிப் பார்த்தால் இரண்டிலும் இருப்பது அச்சு அசலாக அதே ஏழு எழுத்துகள். டிரா.

தமிழ்நாட்டு வண்டிகள் இந்த விளையாட்டுக்கு ரொம்பத் தோதானவை. டி, என் இரண்டும் ஆங்கிலத்தில் எங்கே பார்த்தாலும் கிடக்கிற எழுத்துகள். 1930களில் வேலையில்லாமல் இருந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று செய்தித்தாள் பக்கங்களை வைத்துக்கொண்டு எண்ணினார். அந்தக் கணக்கிலிருந்து வளர்ந்ததுதான் எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் சேர்க்கும் ஸ்கிராபிள் விளையாட்டு. அதன் 100 வில்லைகளில் டி ஆறு, என் ஆறு, ஒவ்வொன்றுக்கும் ஒரே புள்ளி. கே ஒன்றே ஒன்று, 5 புள்ளி. அதனால்தான் உக்கடம் பக்கம் போய்க் கேரள வண்டிக்குப் பின்னால் நின்றுவிட்டால் இருவருக்கும் வாய் அடைத்துப்போகிறது. கேஎல் 09 ஏவி என்று ஒரு கார். பச்சை விழுந்து பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு "வாக்ஓவர்" தோன்றியது. "அது செல்லாதுங்கப்பா, லைட் மாறிடுச்சு" என்று தீர்ப்பாகிவிட்டது.

ஐ, ஓ இரண்டும் பொதுவாகப் பிளேட்டில் வராது. 1, 0 என்று தெரிந்துவிடும் என்பதால் விட்டுவிடுகிறார்கள். ஆக உயிரெழுத்துகளைப் பெரும்பாலும் நாம்தான் போட்டு நிரப்ப வேண்டும். மகள் முதலில் டி-யைப் பிடித்துக்கொண்டு தேடுவாள். அது வீண் வேலை. டி உள்ள சொற்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, எதைப் பிடிப்பது? கஷ்டமான எழுத்தை முதலில் எடுத்து, அது சாதாரணமாக எங்கே உட்காரும் என்று யோசிக்க வேண்டும். எக்ஸ் என்றால் அதற்கு முன்னால் ஓர் இ போட்டுப் பார்ப்பேன். சிஎக்ஸ் வந்தால் கான்டெக்ஸ்ட். பிஎக்ஸ் வந்தால் (பஸ்ஸுக்கு வரும் பி) எக்ஸிபிஷன். க்யூ என்றால் யு கூடவே வந்துவிடும், ஆன்டீக் அகப்படும், கொஞ்சம் நிதானித்தால் அதைவிட ஓரெழுத்து குறைவான குவெய்ன்ட். டி-யையும் என்-னையும் கடைசியில் 'ஷன்', 'மென்ட்' என்ற வால்கள் பார்த்துக்கொள்ளும்.

அரசு ஜீப்புக்கு ஜி ஒன்றுதான். நைட், திங் என்று தூக்கத்தில்கூடச் சொல்லலாம். அதற்கு மதிப்பெண் கிடையாது.

அரசுப் பேருந்துதான் சண்டை மூட்டியது. அதற்கு 'என்' என்ற எழுத்து வரிசை: டிஎன் 38 என். ஆக டி ஒன்று, என் இரண்டு. ஒரே ஒரு என் உள்ள சொல் செல்லுமா? செல்லாது என்று நான் சொல்ல, "இருக்குதானேங்கப்பா?" என்று அவள் மல்லுக்கு நிற்க, கடைசியில் டென்னிஸ், டனல், டென்ஷன் மாதிரி இரண்டு உள்ளவை மட்டும் என்று முடிவானது.

இதே சண்டையை என் லேப்டாப்பும் போட்டது. வழியில் போனைத் தொடக்கூடாது என்பது விதி. ஆனால் ராத்திரி வீட்டில் லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு சொற்பட்டியலை வைத்துக்கொண்டு, கேட்ட எழுத்து உள்ள வரிகளைத் தேடித் தரும் கிரெப் கட்டளையால் சரிபார்ப்பேன். டி உள்ள வரிகளை மட்டும் எடு, அவற்றில் என் உள்ளவற்றை எடு, அவற்றில் சி, பிறகு கே என்று சல்லடை மேல் சல்லடை. நான்கு வேறு வேறு எழுத்துகள் என்றால் பிரச்சினை இல்லை. டி, என், என் என்றால் இரண்டாவது என் சல்லடை எதையும் வடிகட்டாது, ஏற்கெனவே என் இருக்கிற சொல் மறுபடியும் தாராளமாக உள்ளே வந்துவிடும். கிரெப் கேட்பது "இருக்கிறதா?" என்றுதான், "எத்தனை?" என்று அல்ல.

இதற்கு ஸ்கிராபிள்காரர்களிடம் நல்ல வழி ஒன்று இருக்கிறது. சொல்லின் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கிவிடுவார்கள். கிச்சனை அடுக்கினால் சி, இ, எச், ஐ, கே, என், டி. திக்கனை அடுக்கினாலும் அதேதான். பட்டியல் முழுவதையும் இப்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அசல் சொல்லை எழுதி வைத்துக்கொண்டேன். பிறகு பிளேட்டையும் அடுக்க வேண்டியதுதான். பேருந்து என், என், டி ஆகிவிடும். முதலில் ஓர் என், அப்புறம் இன்னோர் என், பின்னால் எங்காவது ஒரு டி என்று ஒரே தேடலில் வேலை முடிந்துவிடும். இரட்டை எழுத்துத் தொல்லை போயே போச்சு.

ஆனால் கிரெப் தருவதையெல்லாம் நாங்கள் ஏற்பதில்லை. பிஇசட் பிளேட்டுக்கு ஆறெழுத்தில் "பிளின்ட்ஸ்" என்று ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தது. யூதர்கள் சமையலில் மெல்லிய தோசை மாதிரி வார்த்து உள்ளே பாலாடைக்கட்டி வைத்து மடிப்பார்களே, அது. "நீங்க சாப்பிட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். இல்லை. அப்போதிருந்து, சொல்கிறவருக்கே அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும் என்றும் ஒரு விதி சேர்ந்துவிட்டது. எனக்கும் அது பிடித்திருக்கிறது. எழுத்துகளைப் போட்டால் சொற்களைக் கொட்டுகிற இணையதளங்கள் ஏராளம், அவற்றில் போட்டுப் பார்ப்பதில் என்ன ருசி?

இப்போது நிலுவையில் இருப்பது சிக்யூ. கான்க்வெஸ்ட், அக்வெய்ன்ட், இரண்டுமே எட்டெழுத்து. கிரெப் ஏழெழுத்தில் "குவான்டிக்" என்கிறது. கணிதத்தில் ஒரு வகைப் பல்லுறுப்புக் கோவையாம். எங்கள் விதிப்படி அது செல்லாது. சாதாரணமாகப் புழங்குகிற ஏழெழுத்துச் சொல் யாருக்காவது தெரிந்தால் எனக்கு மட்டும் சொல்லுங்கள், அவளுக்கு வேண்டாம்.