மின்துறை அரசிடமா, தனியாரிடமா: கட்டுரைத் தாளுக்கு நான் தயாரான விதம்

பொருளாதாரம், பொது நிர்வாகம் ஆகிய பாடங்களின் கட்டுரைத் தாள்களில், மின்துறை யாருடைய உடைமையாக இருக்க வேண்டும் என்ற கேள்வி ஏதேனும் ஒரு வடிவில் திரும்பத் திரும்ப வருகிறது. அரசு என்றால் சேவை, தனியார் என்றால் திறன் என்று இரண்டு பட்டியல்களை மனப்பாடம் செய்துகொண்டு போவது இதற்குப் போதாது. நான் முதலில் செய்தது, மின்துறையை உற்பத்தி, செலுத்துகை (மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் தொலைவுக்குக் கொண்டுசெல்வது), பகிர்மானம் (அதை வீடுகளுக்கும் கடைகளுக்கும் கொண்டுசேர்ப்பது), சில்லறை விற்பனை என நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வியைத் தனித்தனியே கேட்டுப் பார்த்ததுதான். ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் கம்பி இழுப்பது வீண்செலவு என்பதால் செலுத்துகையும் பகிர்மானமும் இயற்கை ஏகபோகங்கள், அதாவது ஒரே நிறுவனம் நடத்துவதே சிக்கனமான தொழில்கள். அங்கே உரிமையாளர் யாராயினும் கட்டணத்துக்குக் கடிவாளம் தேவை. உற்பத்தியிலோ போட்டிக்கு இடமுண்டு. இந்தப் பிரிவை முதல் பத்தியிலேயே எழுதிவிட்டால் மீதி விடை குழப்பமின்றி நகரும்.

எடுத்துக்காட்டுகளைக் குறைவாகவும் காரணத்தோடும் படித்தேன். என் கருத்தில் கலிபோர்னியாவின் 2000–01 மின் நெருக்கடிக்கு இணையான பாடம் வேறில்லை. அங்கே மொத்த விற்பனை விலை சந்தையிடம் விடப்பட்டது. பெரும்பாலான நுகர்வோர் செலுத்தும் கட்டணமோ உறையவைக்கப்பட்டிருந்தது. மின் நிலையங்கள் பலவற்றை விற்றுவிட்டிருந்த தனியார் பகிர்மான நிறுவனங்கள் அதிக விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தது. அவற்றுள் ஒன்றான பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் 2001 ஏப்ரலில் திவால் மனு தாக்கல் செய்தது. தன் மின் நிலையங்களைக் கைவிடாத லாஸ் ஏஞ்சலஸ் மாநகர மின்துறையோ சுழற்சி முறை மின்வெட்டு இல்லாமல் சமாளித்தது. இதை மட்டும் எழுதினால் விடை ஒருபக்கம் சாய்ந்துவிடும். 2021 பிப்ரவரி உறைபனியில் டெக்சாஸ் இருண்டபோது, மாநகராட்சிக்குச் சொந்தமான மின் நிறுவனங்களைக் கொண்ட ஆஸ்டினும் சான் அன்டோனியோவும் சேர்ந்தே இருண்டன. எரிவாயுக் கட்டமைப்பும் மின் நிலையங்களும் குளிருக்கு ஏற்பத் தயார்செய்யப்படாததே அங்கு முதன்மைக் காரணம்.

பிரிட்டன் 1990இல் மின்துறையைப் பிரித்து விற்கத் தொடங்கியபோதும் அணுமின் நிலையங்கள் அப்போது அரசிடமே தங்கின என்பதையும், 1946இல் நாட்டுடைமையான பிரான்சின் மின் நிறுவனமான இடிஎஃப் பின்னர் பங்குச் சந்தைக்குப் போய் 2023இல் மீண்டும் முழுக்க அரசின் கைக்கு வந்தது என்பதையும் ஒவ்வொரு வரியில் சொன்னால் போதும்.

முடிவை மழுப்பாமல் எழுதுங்கள். மின் வழித்தடங்கள் பொதுவுடைமையாகவும், உற்பத்தி இரு தரப்புக்கும் திறந்ததாகவும் இருக்க வேண்டும் என்பதே நான் எடுத்த நிலைப்பாடு. அரசு குறைந்த வட்டிக்குக் கடன் பெற முடியும் என்பது அதற்கு வலுவான ஆதாரம். தேர்தலை மனத்தில் கொண்டு கட்டணத்தை அடக்கச் செலவுக்குக் கீழே வைப்பதால் அரசு நிறுவனங்கள் கடனில் மூழ்கி, பழுதான கம்பிகளையும் மின்மாற்றிகளையும் மாற்றக்கூடப் பணமின்றித் தவிக்கின்றன என்பது அதற்கு எதிரான மிக வலுவான வாதம்; அதை நீங்களே எடுத்துவைத்து, மானியத்தை நிறுவனத்தின் கணக்கில் நட்டமாகச் சுமத்தாமல் அரசின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து நேரடியாக வழங்கலாம் என்று பதிலும் எழுதுங்கள்.