அறுவடை வண்டிக் கணக்குச் செயலிக்கு ஆள் பிடித்த விதம்

எங்கள் பெல்ட் வண்டிகளின் (சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் நெல் அறுவடை இயந்திரங்கள்) வாடகைக் கணக்குக்காக எழுதிய செயலி இது. பல வண்டிகளில், வண்டி ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டரின் கடைசி எண் ஒரு மணியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 6 நிமிடம். 1.7 என்றால் 1 மணி 42 நிமிடம். அதை ஒரு மணி எழுபது நிமிடம் என்று படித்துவிட்டால், மணிக்கு 2,400 ரூபாய் வாடகையில் 4,080 வாங்க வேண்டிய இடத்தில் 5,200 கேட்பார்கள். வரப்பிலேயே சண்டை வரும். சண்டை தீரும் என்று சொல்லித்தான் விற்கப் போனோம். யாரும் காசு தரவில்லை. ஒரு வண்டியை வாங்கித் தானே ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

வாங்கியவர்கள் வேறு ஆட்கள். மூன்று நான்கு வண்டிகளை வெவ்வேறு ஊர்களில் விட்டிருப்பவர்கள். வெளி மாவட்ட வண்டிகளைக் கூட்டி வந்து மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கம் ஊர் ஊராக அனுப்பும் தரகர்கள். அவர்கள் கேட்டது பாக்கிப் பட்டியல். கொள்முதல் நிலையத்தில் நெல் எடை போட்டு, வங்கியில் பணம் ஏறிய பிறகுதான் பல விவசாயிகளால் வாடகை தர முடியும். ஈரப்பதம் வழக்கமான வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல் களத்தில் காயும், பணம் தள்ளிப்போகும், பாக்கியும் நீளும். மணிக் கணக்கை உள்ளே தள்ளி, ஊர்வாரியாக யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை முதல் திரையில் வைத்த பிறகே வியாபாரம் நகர்ந்தது.

"நல்லா இருக்கு தம்பி" என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். போன சம்பாவின் வாடகைக் கணக்கு நோட்டைக் கேளுங்கள். கொடுத்தால் அவர் கண்முன்னே ஐம்பது வரி ஏற்றி, பாக்கியைக் கூட்டிக் காட்டி, நோட்டை அன்றே திருப்பிக் கொடுங்கள். அதில் ஊராரின் கடன் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. நோட்டைத் தராதவர் வாங்கவும் மாட்டார்.

சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் போய் நிற்பது வீண். மார்கழியில் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும். பெல்ட்டும் பிளேடும் மாற்றக் காத்திருக்கும் உரிமையாளர் அரை நாள்கூடப் பேசுவார். குறுவைக்கு ஆடிக் கடைசி. மாதச் சந்தா இங்கே எடுபடாது, பங்குனிக்குப் பிறகு செயலியை யாரும் திறப்பதில்லை. வண்டிக்கு இவ்வளவு, போகத்துக்கு ஒருமுறை என்று வாங்குங்கள். முப்பது நாள் இலவசம் கொடுத்தால் போகமே அதில் முடிந்துவிடும். முதல் 25 பில் இலவசம் என்பதே சரி.

நிலத்தை எழுத சிலருக்கு ஏக்கர் போதும், மற்றவர்களுக்கு மா என்ற அளவு வேண்டும்: ஒரு மா 100 குழி, சுமார் 33 சென்ட். வண்டி சேற்றில் புதைந்த நேரம் யார் தலையில் என்பது ஊருக்கு ஊர் வழக்கம். அதை விதியாக எழுதிவிட்டு அடுத்த ஊரிலேயே மாட்டிக்கொண்டோம். இப்போது 'கழிவு நிமிடம்' என்று ஒரு கட்டம் மட்டும் இருக்கிறது. வயலில் சிக்னல் இருக்காது, பில் போனிலேயே பதிவாக வேண்டும். பில் எண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு போனுக்கும் தனி எழுத்து கொடுக்காவிட்டால் இரண்டு டிரைவர்கள் ஒரே எண்ணில் பில் போடுவார்கள்.

அதிக நாள் தின்றது பிரிண்டர். மலிவான 58 மி.மீ. புளூடூத் பிரிண்டர்களில் தமிழ் எழுத்து கிடையாது, கேள்விக்குறியாக வரும். பில்லை 384 புள்ளி அகலப் படமாக மாற்றி அனுப்பினால் அச்சாகும். படம் நீண்டால் மெதுவாகும், பேட்டரியும் இறங்கும்; பத்து வரிக்குள் முடியுங்கள்.

கூகுள் பிளேயில் 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்கு திறந்தவர்கள், குறைந்தது 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதனையில் வைத்திருந்தால்தான் வெளியிட விண்ணப்பிக்க முடியும். டிரைவர்களையும் தெரிந்த தரகர்களையும் பதினைந்து பேராகச் சேர்த்துக் கார்த்திகையிலேயே தொடங்கிவிடுங்கள். நடுவில் இரண்டு பேர் கழன்றாலும் எண்ணிக்கை நிற்கும்.