படகு இழுத்த வண்டியும் கியர்பாக்ஸ் சூடும்

மே 6
அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள். மச்சானின் ஃபைபர் படகை டிரெய்லரில் ஏற்றி, கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து புதுச்சேரி தேங்காய்த்திட்டுக்குப் பழுது பார்க்க இழுத்துப் போனேன். கிருமாம்பாக்கம் வரை என் ஆட்டோமேட்டிக் பிக்கப் வண்டியில் ஒரு தொந்தரவும் இல்லை. அரியாங்குப்பம் தாண்டி முருங்கப்பாக்கம் நெரிசலில் பத்தடி நகர்வதும் நிற்பதுமாக முக்கால் மணி நேரம் ஓடியது, அங்கேதான் கியர்பாக்ஸ் சூடு விளக்கு எரிந்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது. ஓரங்கட்டி, ஏசியை அணைத்து, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டேன். இன்ஜினை நிறுத்தினால் கியர்பாக்ஸ் ஆயிலைச் சுற்றவிடும் பம்ப்பும் நின்றுவிடும், சூடான ஆயில் ஆறுவதற்குக் கூலருக்கே போகாமல் அங்கேயே கிடக்கும்.

மே 7
மெக்கானிக் அண்ணன் கொஞ்சம் ஆயில் இறக்கிக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது பழுப்பாகி, கருகல் வாடை. "பாரத்தைவிட நீ ஊர்ந்து போனதுதான் தம்பி கெடுத்திருக்கு" என்றார். ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜின் சக்தியை கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வர்ட்டருக்குள் சுழலும் ஆயில்தான்; வண்டி ஒரே வேகத்தில் ஓடும்போது உள்ளே ஒரு கிளட்ச் பூட்டிக்கொள்ளும், வழுக்கல் நின்று சூடும் குறையும். ஊர்ந்து போகும்போது அந்தப் பூட்டு விழாது, எதிர்க்காற்றும் கிடையாது, பின்னால் படகு வேறு. 120 டிகிரியைத் தாண்டி அப்படியே ஓட்டினால் ஆயில் சீக்கிரம் கெட்டு, உள்ளிருக்கும் கிளட்ச் தகடுகளும் போய்விடுமாம்.

மே 9
கியர்பாக்ஸ் ஆயிலை ஆற்றத் தகடு அடுக்கிய கூலர் ஒன்றைத் தனியாக முன் கிரில்லுக்குப் பின்னால் மாட்டியாயிற்று. ஆயில் முதலில் ரேடியேட்டர் வழியாகப் போய், அப்புறம் இதில் ஆறி, கியர்பாக்ஸுக்குத் திரும்புகிறது. ரேடியேட்டர் தண்ணீரே 90 டிகிரிக்குப் பக்கம் நிற்பதால் அது மட்டும் எவ்வளவுதான் ஆற்றும்? ஆயிலும் புதுசு, கையேட்டில் போட்டிருக்கும் அதே வகை. இதில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள்.

மே 13
படகைத் திரும்ப எடுத்துவர விடியற்காலை 5 மணிக்கே மரப்பாலம் தாண்டிவிட்டேன். சூடு காட்டும் சின்னக் கருவி ஒன்றையும் செருகியிருந்தேன். சாலையில் ஆயில் சூடு 86 டிகிரி. பெண்ணையாற்றுப் பாலத்தை நெருங்கும்போது கியர் மேலும் கீழும் மாறி அலைந்தது, மேனுவலில் போட்டு நான்காவதிலேயே பிடித்ததும் அடங்கியது. மஞ்சக்குப்பத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் நெரிசலுக்குள் நுழைந்து பார்த்தேன், 101க்கு மேல் ஏறவில்லை. சரி, கடற்கரை மணலில் டிரெய்லரை இழுக்க மட்டும் ஃபோர் வீல் லோவில் (நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் நிலை) போட்டேன், கன்வர்ட்டர் திணறவில்லை. படகை இறக்கி முடித்தபோது 94.