கல்லடையாற்றின் வழியே: ஒரு படகு நாட்குறிப்பு

டிசம்பர் 27, சனி. தென்மலை

கடையநல்லூரிலிருந்து பெரியம்மாவும் மதினியும் லீவுக்கு வந்திருக்கிறார்கள். கேரள எல்லையில் இருக்கும் எங்கள் ஆரியங்காவுக்கு யார் வந்தாலும் பாலருவியைக் காட்டி அனுப்பிவிடுவோம். இந்த முறை கல்லடையாற்றையே காட்டலாம் என்று நினைத்தேன். மலையிலிருந்து அஷ்டமுடிக் காயல் வரைக்கும், படகு ஓடுகிற இடத்தில் படகிலேயே.

இன்று தென்மலை அணையின் நீர்த்தேக்கத்தில் எஞ்சின் படகு. சுற்றிலும் செந்துருணி வனவிலங்குச் சரணாலயம்; காடு நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. நீர்மட்டத்துக்கு மேலே கரையில் செம்மண் பட்டை தெரிந்தது. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ள முதலில் தயங்கிய பெரியம்மா, கரையில் மிளா மான் ஒன்று நின்றதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். குளத்துப்புழை, செந்துருணி, கழுத்துருட்டி என்று மூன்று ஆறுகள் இந்தப் பக்கம் கூடித்தான் கல்லடையாறாகிறது. எஞ்சின் சத்தத்தில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் தொண்டை வற்றிவிட்டது.

டிசம்பர் 28, ஞாயிறு. புனலூர்

இங்கே சவாரிப் படகு இல்லை. 1877-இல் கட்டிய தூக்குப்பாலத்தில் நடந்தோம். இப்போது நடப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. கீழே ஆறு பாறைகளுக்கு நடுவே மெலிந்து ஓடுகிறது. மதினிக்குப் பாலத்தைவிட ரயில் பாதைதான் பிடித்தது. செங்கோட்டையிலிருந்து மலையேறி வரும் இந்தப் பாதை 1904-இல் வந்தது. அகலப் பாதையானது 2018-இல்.

ஜனவரி 3, சனி. மன்றோ துருத்து

பௌர்ணமி, திருவாதிரை. மதினி விடிவதற்கு முன்பே களி கிண்டித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டார்.

கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் சேரும் இடத்தில் கிடக்கும் தீவுக்கூட்டம் இது. திருவிதாங்கூரில் ரெசிடென்டாகவும் (ஆங்கிலேயரின் பிரதிநிதி) திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயர். வள்ளத்தில் எஞ்சின் கிடையாது. படகுக்காரர் பின்னால் நின்றுகொண்டு நீளமான கழியை வாய்க்காலின் அடியில் ஊன்றித் தள்ளுகிறார். அவர் மலையாளம், நாங்கள் தமிழ், நடுவில் எல்லைக்காரனாக நான். ஆனால் சீக்கிரமே என் உதவி தேவைப்படவில்லை. பெரியம்மா "தம்பி, கொஞ்சம் மெதுவா" என்றால் அவருக்குப் புரிந்தது.

இப்படித்தான் போக வேண்டும் ஒரு காயல் ஊருக்குள். வாய்க்கால் வீட்டு முற்றத்தை ஒட்டிப் போகிறது. ஓரிடத்தில் கயிறு திரிக்கிறார்கள், இன்னோரிடத்தில் இறால் வளர்க்கும் கட்டு. கண்டல் (அலையாத்தி) மரங்கள் இருபக்கமும் வளைந்து தலைக்கு மேலே கைகோத்திருக்கின்றன. நடைபாலம் வந்தால் எல்லோரும் குனிய வேண்டும். இன்று வழக்கத்தைவிட அதிகமாகக் குனிந்தோம், சில பாலங்களுக்கு அடியில் கிட்டத்தட்டப் படுத்தே போனோம். பௌர்ணமியாதலால் ஓதம், அதாவது கடலின் நீரேற்றம், அதிகம் என்றார் படகுக்காரர். வேலியேற்றம் என்பது அவர்கள் சொல்.

அப்புறம்தான் கவனித்தேன். வாய்க்காலுக்கும் முற்றத்துக்கும் வித்தியாசமே இல்லை. ஒரு வீட்டில் வாசற்படி வரை உப்புத் தண்ணீர். சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிறது. தலை இல்லாத தென்னைகள். ஆள் இல்லாத வீடுகளும் உண்டு.

முன்பெல்லாம் மழைக்காலத்தில் ஆறு மலையிலிருந்து வண்டல் கொண்டுவந்து கொட்டுமாம். அதை வள்ளத்தில் அள்ளித் தென்னைக்கு அடியில் போட்டு மண்ணை உயர்த்திக்கொள்வார்களாம். அணை வந்த பிறகு வண்டலும் குறைந்தது, உப்பைத் தள்ளிவிடும் நல்ல தண்ணீரும் குறைந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு இன்னும் மோசம் என்கிறார்கள். ரயில் அதிர்வையும் சிலர் காரணமாகச் சொல்கிறார்கள்.

பெரியம்மா கேட்டார்: "அன்னைக்கு நாம போட்ல போனோமே, அந்த டேமா?"

அந்த அணைதான். அதன் தண்ணீரில் கொல்லம் மாவட்டத்தில் எத்தனையோ வயல் விளைகிறது, அதையும் மறுக்க முடியாது. ஆனால் மேலே படகில் ஏறுகிற எங்களுக்கு மரத்தின் பெயர், மானின் பெயர் எல்லாம் சொன்னார்கள். கீழே கிடக்கும் இந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும். தென்மலைப் படகுத்துறையில் ஒரு பலகை வைத்தாலே போதும். ஒரே ஆறுதானே.

களியைப் படகுக்காரருக்கும் கொடுத்தோம். அவர் வீட்டிலும் இன்று திருவாதிரை நோன்பு.

ஜனவரி 4, ஞாயிறு. கொல்லம்

அஷ்டமுடியின் அகன்ற பரப்பைப் பெரிய படகில் பார்த்தோம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2002-இல் சேர்ந்த காயல் இது. நீண்டகரையில் கடலைத் தொடுகிறது. பெருமண் பாலம் என்றதும் பெரியம்மா கைகூப்பினார். 1988 ஜூலை 8 அன்று ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ரயில் காயலில் விழுந்தது அங்கேதான். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள்.

காற்று நன்றாக இருந்தது, சீனவலைகள் அழகு. இருந்தாலும் மனசு நேற்றைய வாய்க்காலிலேயே நிற்கிறது. மன்றோ துருத்துக்குப் போகிறவர்கள் கழி ஊன்றுகிற வள்ளத்தையே கேளுங்கள். காலையில் சீக்கிரம் போங்கள். பௌர்ணமி, அமாவாசை ஒட்டிப் போனால் ஓத நேரத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறியிருந்தால் சில பாலங்களுக்கு அடியில் வள்ளம் நுழையாது. முற்றத்தில் நிற்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

தென்மேற்குப் பருவம் நன்றாகப் பெய்து அணை ஷட்டர் திறந்தால் போன் செய்வதாகப் படகுக்காரர் சொல்லியிருக்கிறார். அப்போது வாய்க்காலில் நல்ல தண்ணீர் ஓடுமாம். மதினி இப்போதே லீவு கேட்டு வைக்கிறார்.