செத்த பியானோவின் சுத்தியல்கள்

பியானோ பழுதுபார்க்கும் எங்கள் பட்டறையில் 'செத்த பியானோ' என்று சொல்வோம். கரையான் மரத்தை அரித்து, கம்பியை இறுக்கிவைக்கும் முறுக்காணி பிடிப்பில்லாமல் சுழலும் நிலை. சென்னை ஈரக்காற்றில் அப்படிப் பல வந்து சேரும். பிரிக்கும்போது கம்பியை வெட்டிவிடக் கூடாது. சுமார் 230 கம்பிகள், மொத்தம் கிட்டத்தட்ட 20 டன் இழுவிசை. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தித்தான் இறக்க வேண்டும்.

இரும்புச் சட்டத்தைக் காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். 'ஆக்‌ஷன்' என்கிற, விரலின் அழுத்தத்தைச் சுத்தியலுக்குக் கொண்டுபோகும் மரப்பொறியைச் சீந்தமாட்டார். எனக்குப் பிடித்ததே அதுதான். விரல் கட்டையை 10 மில்லிமீட்டர் அழுத்தினால், கம்பியைத் தட்டும் சுத்தியல் 45 மில்லிமீட்டர் பாயும். கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பிடி விட்டுவிடும். கடைசித் துளி தூரம் அது தானாகப் பறக்கிறது. இத்தனை வருஷமும் அதைக் காதால் மட்டுமே அறிந்திருந்தேன்.

சரி, கண்ணால் பார்ப்போம் என்று நடுவிலிருந்து 30 சுத்தியல்களை வரிசை மாறாமல் எடுத்தேன். பழைய கார் வைப்பர் மோட்டார் ஒன்று, தண்டில் கோத்த முட்டை வடிவ மரத்துண்டுகள். ஓடவிட்டால் சுத்தியல்கள் சோம்பலாகத் தலையாட்டின, அவ்வளவுதான். அப்புறம்தான் உறைத்தது: விரல் கட்டையை மெதுவாக அழுத்தினால் பியானோ ஒலிக்காது. பிடி விட்டதும் சுத்தியல் பறக்காமல் திரும்பி விழும். மரத்துண்டுகளை நத்தை ஓடுபோலச் செதுக்கினேன். ஒவ்வொன்றும் ஒரு நெம்புகோலை ஸ்பிரிங்குக்கு எதிராக அழுத்திக்கொண்டே போய்ச் சட்டென்று விட்டுவிடும். பறந்தன. கம்பி இருந்த இடத்தில் ஒரு துணி நாடாவை இழுத்துக் கட்டினேன்.

ஸ்விட்சர்லாந்துச் சிற்பி ழான் டிங்கெலி 1978 முதல் செய்த 'மெட்டா-ஹார்மனி' பொறிகள் நிஜ வாத்தியங்களைத் தட்டி ஆரவாரம் எழுப்புபவை. எனக்கு அந்தச் சத்தத்தில் ஆசை இல்லை. "என்ன பாட்டு சார் வாசிக்கும்?" என்று கேட்பவர்களுக்குத்தான் ஏமாற்றம்.

மழைக்காலத்தில், சுத்தியல் அசையும் அச்சு ஊசியைச் சுற்றிய கம்பளித்துணி ஊறி, ஒரு சுத்தியல் மட்டும் தாமதித்தது. வாடிக்கையாளர் பியானோவாக இருந்தால் உடனே சரிசெய்திருப்பேன். பார்க்க வந்த, அந்தப் பியானோவின் பழைய சொந்தக்காரர், ஓய்வுபெற்ற இசை ஆசிரியை, அதன் அருகே விரலை நீட்டினார்.

"இது நடு 'சி'தானே தம்பி? இது எப்பவுமே இழுக்கும்."