விசாரிப்பு

உத்தரப் பிரதேச எல்லையிலுள்ள சுனௌலி வளைவைத் தாண்டி நேபாளத்துக்குள் காலெடுத்து வைத்தால் நேரம் 15 நிமிடம் முன்னால் போய்விடும். கைபேசி தானாக மாற்றிக்கொண்டது. கைக்கடிகாரத்தை நான் தொடவில்லை. அங்கிருந்த மூன்று வாரமும் என் மணிக்கட்டில் எங்கள் ஊரான, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தின் நேரம்தான் ஓடியது.

2019 பிப்ரவரி. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் சேகரத்தின், அதாவது சபை வட்டாரத்தின், பெண்கள் ஐக்கிய சங்கம் நேபாள எல்லையில் நடக்கும் ஓர் ஊழியத்துக்கு மாதாமாதம் காணிக்கை அனுப்பிவந்தது. பிள்ளைகளைக் கடத்தல்காரர்களிடமிருந்து காப்பாற்றுகிறார்கள் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. யாராவது நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும் என்றார்கள். வீட்டில் பேரப்பிள்ளை இல்லாதவள் நான் ஒருத்திதான். சென்னையில் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் ஏறி, இரண்டு இரவு கழித்துக் கோரக்பூரில் இறங்கி, அங்கிருந்து பஸ்.

என் பெட்டியில் 40 வண்ணம் தீட்டும் புத்தகங்களும் ஓய்வுநாள் பள்ளிப் பாட்டு நோட்டும் இருந்தன. பெரிய விடுதி ஒன்று இருக்கும், வரிசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், நான் பாட்டுச் சொல்லித்தருவேன் என்று நினைத்திருந்தேன். அங்கே விடுதியும் இல்லை, வரிசையும் இல்லை. சாலையோரம் தகரக் கூரை போட்ட ஒரு சாவடி. உள்ளே ஒரு மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடம் தண்ணீர், இரண்டு பெண்கள். சிலுவை கிடையாது, வசன அட்டை கிடையாது. நேபாளத்தில் ஒருவரை மதம் மாற்றினால் ஐந்து ஆண்டு வரை சிறை என்று 2018 ஆகஸ்டில் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதனால் ஜெபமெல்லாம் வீட்டிலேயே முடித்துவிட்டுத்தான் சாவடிக்கு வருவார்கள். ஆராதனை சனிக்கிழமை, அங்கே வார விடுமுறை அன்றுதான்.

இருவரும் என்னை ‘ஆமா’ என்று கூப்பிட்டார்கள். நேபாளியில் அம்மா என்று பொருள். முதல் இரண்டு நாள், நான் ஏதோ கேட்டதற்கு ஆமோதிக்கிறார்கள் போலும் என்று நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இடையில் 1,700 கிலோமீட்டருக்கு மேல் எல்லை. 1950 உடன்படிக்கையின் பலனாக இரு நாட்டவருக்கும் பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். சைக்கிள் ரிக்‌ஷாவில் சந்தைக்குப் போவதுபோல நாடு விட்டு நாடு போகலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு பெண்பிள்ளையை மும்பைக்கோ, டெல்லி வழியாக வளைகுடாவுக்கோ கொண்டுபோகிறவனுக்கும் அதே வழிதான் திறந்துகிடக்கிறது. வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் பெண்களை அனுப்புவதை நேபாளம் 2017இல் தடைசெய்தது. காட்மாண்டு விமான நிலையத்தில் அடைபட்ட கூட்டம் சுனௌலிப் பக்கம் திரும்பியதுதான் மிச்சம் என்று சாவடிப் பெண்கள் சொன்னார்கள்.

இருவரில் மூத்தவளை எல்லோரும் திதி, அதாவது அக்கா, என்பார்கள். அவள் வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பாள். புதுச் செருப்பா, அளவு சரியா, நடை பழகியிருக்கிறதா. “செருப்பு வாங்கிக் கொடுத்தவன் யார் என்று கேட்டால் பாதிக் கதை வந்துவிடும்” என்றாள்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ ஒரு ரிக்‌ஷா வந்தது. அதில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண், பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன். மாமா என்றான். திதி குனிந்து பெண்ணின் காலைப் பார்த்தாள். வெள்ளை ஷூ; குதிகாலில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. “பஹினி (தங்கச்சி), தண்ணீர் குடிக்கிறாயா?” என்று கேட்டு அவளை உள்ளே அழைத்துவந்தாள். இளையவள் வெளியே அவனோடு பேச்சுக் கொடுத்தாள். இரண்டு பேரையும் பிரித்து ஒரே கேள்வியைக் கேட்பதுதான் முறை.

அவன் சொன்னது: கோரக்பூரில் அத்தைக்கு ஆபரேஷன். இவள் சொன்னதும் அதேதான். அத்தை பெயர் என்ன என்றபோது மட்டும் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடியுரிமைச் சான்றில் வயது 19 என்று இருந்தது. திதி அதை மேசையில் வைத்துவிட்டு, “நீ எந்த வருடம் பிறந்தாய்?” என்றாள். “2060” என்று பட்டென்று வந்தது. அங்கே விக்ரம ஆண்டுக் கணக்கு. அப்போது நடந்துகொண்டிருந்தது 2075. நான் கணக்கு டீச்சர், ஆனாலும் விரல் விட்டு எண்ணினேன். பதினைந்து.

அதன்பிறகு நடந்ததைச் சொன்னால் சுவாரசியமாக இருக்காது. தொலைபேசிதான். அவளுக்கு அம்மாவின் எண் தெரியவில்லை. ஊர் பெயர் தெரிந்தது, வார்டு தெரிந்தது. வார்டுத் தலைவர் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போட்டார்கள். அங்கிருந்து ஒரு கடைக்காரர், கடைக்காரரிடமிருந்து பக்கத்து வீடு, கடைசியில் வயலிலிருந்து ஓடிவந்த அம்மா. ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. மகள் புட்வல் நகரத்தில் தையல் படிக்கிறாள் என்று அந்த அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர் வருவதற்குள், ரீசார்ஜ் செய்துவருகிறேன் என்று போன மாமா திரும்பவேயில்லை. ரிக்‌ஷாக்காரர் சாவடி வாசலில் நின்று கூலி கேட்டார். திதி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் மதியம் அம்மா வந்தாள். மகளை அணைத்துக்கொள்வாள் என்று நான் கைக்குட்டையோடு தயாராக இருந்தேன். அவளோ முதலில் அந்த ஷூவைக் கழற்றச் சொன்னாள். மஞ்சள் பையிலிருந்து பழைய ரப்பர் செருப்பை எடுத்துக் கீழே போட்டாள். பெண் மாட்டிக்கொண்டாள். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வெள்ளை ஷூ மேசைக்கடியிலேயே கிடந்தது.

இது எனக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளையைக் காப்பாற்றுவது என்றால் பிள்ளையை எடுத்து வளர்ப்பது. டோனாவூர் எங்களுக்கு எட்டிய தூரம். அங்கே பிள்ளைகள் இல்லம் நடத்திய அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவின் கதை கேட்டே வளர்ந்தோம். 1901இல் கோயிலுக்கு விடப்பட்ட ஒரு சிறுமி அவரிடம் ஓடிவந்தாள். அதற்குமுன் அவள் தூத்துக்குடிக்குத் தாயிடமே ஓடியிருக்கிறாள். தாய் திருப்பி ஒப்படைத்துவிட்டாள். போக வீடில்லாத பிள்ளைக்கு அவர் வீடு கொடுத்தார். அந்தக் காரணத்தை நாங்கள் மறந்தோம், கட்டடத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம்.

விளைவை நேபாளத்தின் வடமேற்கு மலைகளிலுள்ள ஹும்லா மாவட்டத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். மாவோயிஸ்டுப் போர்க் காலத்தில், காட்மாண்டுவில் படிக்கவைக்கிறேன் என்று பெற்றோரிடமே பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை அழைத்துப்போனார்கள் தரகர்கள். தாய் தகப்பன் உயிரோடிருக்க, பிள்ளைகள் அனாதைகளாகக் காட்டப்பட்டார்கள். அப்படிப்பட்ட ஹும்லாப் பெண்பிள்ளைகள் 2011இல் மீட்கப்பட்டது எங்கிருந்து தெரியுமா? கோயம்புத்தூர் அருகே ஒரு கிறிஸ்தவ விடுதியிலிருந்து. அசாம், மணிப்பூர் பிள்ளைகள் கன்னியாகுமரி மாவட்ட விடுதிகளுக்குக் கொண்டுவரப்பட்ட வழக்கில், 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் படிப்புக்கென்று வெளிமாநிலம் அனுப்பக்கூடாது என்று 2010இல் உச்ச நீதிமன்றமே அந்த இரு மாநிலங்களுக்கும் உத்தரவிட வேண்டியிருந்தது. நம் காணிக்கைப் பையைக் காட்டித்தான் தரகன் மலையேறுகிறான் என்று எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தை நாங்கள் மனப்பாடமாகச் சொல்வோம்: ‘திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை விசாரிக்கிறதும்’. விசாரிப்பது என்றால் ஆதரிப்பது, சோறு போடுவது என்றே பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். திதிக்குத் தமிழ் தெரியாது. அவள் செய்ததோ அந்தச் சொல்லின் மற்ற அர்த்தம். அத்தை பெயர் என்ன? எந்த வருடம் பிறந்தாய்? செருப்பு யார் வாங்கிக் கொடுத்தது?

ஊருக்கு வந்து சேகரக் கமிட்டியில் அறிக்கை வாசித்தேன். “இப்போது எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்?” என்றார் பொருளாளர். ஒருவரும் இல்லை, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றேன். போட்டோ? போட்டோவும் இல்லை, அந்தப் பிள்ளைகளைப் படமெடுக்கக்கூடாது. அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். மூன்று வாரம் அங்கே என்னதான் செய்தாய் என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் காணிக்கையை நிறுத்தவில்லை, அதையும் சொல்லவேண்டும். அந்த வருடம், விளைச்சலைச் சபைக்குப் படைக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் என் வீட்டுப் பூசணிக்காய் 1,100 ரூபாய்க்குப் போனது. எடுத்தவர் பொருளாளரேதான். எந்தக் கணக்கில் எழுத என்று கேட்டார். சாவடித் தொலைபேசிக்கு ரீசார்ஜ் என்று எழுதச் சொன்னேன்.